கடைசியில் வருபவரே தலைவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவர் எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றை அறுத்தார். பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அள்ளிச் சோபாவில் குவித்துவிட்டு, சமையலறைக் கத்தரிக்கோலால் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டார். கடையில் புதுக் கயிறு கிடைக்காதா என்று கேட்டேன். கடைக்குப் போய்வந்தால் மீட்டிங்குக்கு நேரமாகிவிடும் என்றார். வாழ்நாளில் ஒரு மீட்டிங்குக்கும் நேரத்தோடு போகாதவர் சொன்ன காரணம் இது.

ஒரு துண்டின் இரு முனைகளையும் என் இரண்டு மணிக்கட்டிலும் கட்டினார். இன்னொரு துண்டை என் கயிற்றுக்கு உள்ளே விட்டு எடுத்து, அதன் முனைகளைத் தன் மணிக்கட்டுகளில் கட்டச் சொன்னார். கட்டினேன். இப்போது நாங்கள் இருவரும் ஒரு சங்கிலியின் இரண்டு கண்ணிகளைப்போல மாட்டிக்கொண்டு நின்றோம். முடிச்சை அவிழ்க்காமல், கயிற்றை அறுக்காமல் இருவரும் பிரிய வேண்டும். அவரும் அவருடைய பழைய வகுப்புத் தோழர்களும் சேர்ந்து, தாங்கள் படித்த பள்ளியின் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் தலைமைப் பண்பு முகாம் நடத்தத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் இதுதான் முதல் நிகழ்ச்சி என்றார்.

"எப்படிப் பிரியறது?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. ரொம்பச் சுலபம். ஒன்பதாவது படிக்கிறப்போ எனக்குத் தெரியும்."

"இப்போ?"

"இப்போ ஞாபகம் வரல."

என் கைக்கு அடியில் அவர் குனிந்து நுழைந்தார். அவர் முதுகைத் தாண்டி நான் ஒரு காலைப் போட்டேன். இருவரும் முதுகோடு முதுகாகத் திரும்பி, மறுபடி முகத்தோடு முகமாக வந்து சேர்ந்தோம். எங்கே தொடங்கினோமோ அங்கேயே நின்றோம். அதற்குள் அடுப்பில் வைத்திருந்த பால் ஏற ஆரம்பித்தது. இரண்டு பேரும் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து அடுப்படிக்குப் போனோம். அவர் இழுத்த பக்கம் நான் போக, நான் இழுத்த பக்கம் அவர் வர, பால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் பாத்திரம் கழுவும் சோப்பைக் கையில் தேய்த்து வளையத்தை உருவிக்கொண்டு அடுப்பை அணைத்தேன்.

"இது கள்ளாட்டம்," என்றார்.

பால்கனியில் கொடி இப்போது சுவர்க் கொக்கிவரை எட்டவில்லை. சோபாவில் குவிந்த ஈரத் துணியைக் காட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன் இடுப்பிலிருந்த பெல்ட்டை உருவினார். அதைக் கொக்கியில் கோத்து வளையமாக மாட்டி, அறுந்த முனையை அதில் கட்டினார். கொடி நின்றது. சாயந்தரம் வந்து சரிபண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் கயிற்றுத் துண்டுகளும் மறு கையில் பேண்ட்டின் இடுப்புமாகக் கிளம்பினார்.

"பேண்ட் அவுந்து விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"விழுந்தா அது ரெண்டாவது நிகழ்ச்சி," என்று படியிறங்கினார்.

நான் அவரோடு கடைசியாகப் பேசியது பேண்ட்டைப் பற்றி. இதை மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் அந்தப் பள்ளியில் படித்தவள் அல்ல. கல்யாணம் வழியாக உள்ளே வந்தவள். அவர்களுடைய கணக்கு ஆசிரியர் ஒரு தண்டனை வைத்திருந்தாராம். காலையில் யார் கடைசியாக வகுப்புக்குள் வருகிறாரோ அவரே அன்றைக்கு வகுப்புத் தலைவர். கரும்பலகையைத் துடைக்க வேண்டும், இரைச்சலை அடக்க வேண்டும், மற்றவர்கள் செய்த குறும்புக்கெல்லாம் திட்டு வாங்க வேண்டும். அதற்கு ஈடாக ஓர் உரிமை உண்டு: அன்று பொழுது முழுக்க வகுப்பில் அவர் சொல்வதுதான் முடிவு. என் கணவர் அந்த ஆண்டு ஏறக்குறைய எல்லா நாளும் தலைவராக இருந்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்பாடு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தபோதும் தோழர்கள் வாசலில் நின்று "தலைவரே" என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் எந்தக் கட்சிக்குத் தலைவர் என்று தெரியாத வாடிக்கையாளர்கள் பேரம் பேசவே பயப்படுவார்கள்.

முகாமுக்காகக் குழு அமைத்தபோது அதே விதியைக் கொண்டுவந்தார்கள். குழுவில் நான்கு பேர்: என் கணவர், வங்கி மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர். பல் டாக்டர் மட்டும் பெண். வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் ஆட்களிடமே காலமெல்லாம் பேசியதால், எதிரே இருப்பவர் பதில் சொல்லக்கூடும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவருடைய கிளினிக்கில்தான் ஞாயிறுதோறும் ஐந்து மணிக்குக் கூட்டம். ஒரு மீன் தொட்டி, ஒரு சொத்தைப் பல் படிப்படியாக வளர்வதைக் காட்டும் சுவர்ப் படம், சர்க்கரை போடாத டீ. கடைசியில் வருபவர் தலைமை வகிக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் எல்லோருடைய கோப்பைகளையும் அவரே கழுவ வேண்டும். தண்ணீர்க் குழாய் இருந்தது உள்ளறையில், பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், இடுக்கிகளைக் கழுவும் தொட்டிக்கு மேலே. அதனால் தலைமைப் பதவிக்கு அங்கே போட்டி இல்லை. ஐந்து மணிக் கூட்டத்துக்கு மேனேஜர் நாலேகாலுக்கே வந்து உட்காருவார். அவரை முந்துவதற்காக வக்கீல் நாலு மணிக்கு வருவார். கிளினிக் சொந்த இடம் என்பதால் டாக்டருக்கு மட்டும் கவலை இல்லை.

என் கணவர் வழியில் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். யாராவது ஒருவர் இரண்டு கைகளிலும் இரண்டு ஃப்ரேம்களை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் திகைத்து நிற்பார். இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட இவருக்கு வாய் வராது. அவர்களாக முடிவு செய்யும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

முகாம் என்று பேச்செடுத்ததுமே மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு சொற்பொழிவு தயாராகிவிட்டது. மேனேஜரிடம் 'தலைமையின் பத்துத் தூண்கள்' இருந்தது. தூணுக்கு அரை மணி. வக்கீலுடையது 'தலைவனும் சட்டமும்'. அதில் அவர் ஜெயித்த வழக்குகள் எல்லாம் வரும். தோற்றவை, பெயர் மாற்றி, இன்னொரு வக்கீல் தோற்றதாக வரும். டாக்டர் 'புன்னகையே தலைமை' என்ற தலைப்பில் பேசுவதாக இருந்தார். அதற்காகப் பெட்டி அளவுக்கு ஒரு பல் செட்டைப் பிளாஸ்டரில் செய்து வைத்திருந்தார். மேல் தாடையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும்.

என் கணவர் அவர்களிடம் ஒன்று கேட்டாராம். நாமும் பதினொன்றாம் வகுப்பில் இப்படி ஒரு முகாமுக்குப் போனோமே, சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் பேசினாரே, என்ன பேசினார்? ஒருவருக்கும் நினைவில்லை. அவர் வழுக்கைத் தலை என்றார் மேனேஜர். அது ஒரு அம்மா என்றார் டாக்டர். ஆனால் திரும்பி வரும்போது பஸ் சேற்றில் சிக்கியது எல்லோருக்கும் நினைவிருந்தது. யார் எந்தப் பக்கம் தள்ளினார்கள், யாருடைய செருப்பு சேற்றோடு போனது, யார் தள்ளுவதுபோல நடித்தார்கள் என்று அன்றைய கூட்டம் முழுவதும் சண்டை போட்டார்களாம். கடைசியில் என் கணவர் தலைவர் என்ற முறையில் முடிவு சொன்னார்: முகாமில் ஒரு பேச்சும் கிடையாது, பிள்ளைகளைச் சேற்றில் இறக்கிவிடுவோம், அவர்களே தள்ளட்டும்.

ஆனால் தலைவரின் சொல்லுக்கு ஆயுள் அன்றைய பொழுதுவரைதான். அடுத்த ஞாயிறு வேறு யாராவது கடைசியில் வந்தால், அவர் நினைத்தால் பத்துத் தூண்களையும் மறுபடி நிறுத்திவிடலாம். ஆக, என் கணவர் ஒவ்வொரு வாரமும் தாமதமாகப் போவதால் மட்டுமே பேச்சுகள் தடுக்கப்பட்டிருந்தன. மற்ற மூவரும் ஒரு முறை சதி செய்தார்கள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் மேலே போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போவதாகத் திட்டம். ஆறு மணிவரைக்கும் அவர் வரவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "நாம எதுக்காக இங்க உக்காந்திருக்கோம்?" என்று கேட்டது. திரும்பினால் என் கணவர், பாதி டீயோடு. கோப்பை கழுவும் பயத்தில் திட்டத்தை மறந்து, மூவரும் சாலையைக் கடந்து ஓடினார்கள். இவர் மிச்ச டீயை நிதானமாகக் குடித்துவிட்டுப் போய், வழக்கம்போலத் தலைமை வகித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தபோது சாப்பாடு புரையேறியது.

கிளினிக் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. அந்த ஞாயிறு மாலை, முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில் அவர் உட்கார்ந்தார். மேலே மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராவது வரத் தாமதமாகியிருந்தால் இறங்கி வந்து பார்த்திருப்பார்கள். அவர் வராமலிருப்பது வழக்கம் என்பதால் யாரும் எழுந்திருக்கவில்லை. கீழ்த்தளத்துத் தையல் கடைக்காரர்தான் மாடியேறும்போது பார்த்தார். ஒரு கை அப்போதும் பேண்ட்டின் இடுப்பைப் பிடித்திருந்ததாம். மறு கையில் கயிறு. இதயம் என்றார்கள். ஒரு நொடியில் முடிந்திருக்கும், வலித்திருக்காது என்றார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

துக்கம் விசாரிக்க வந்த மேனேஜர், என் கணவரிடம் பத்து நற்குணங்கள் இருந்ததாகச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஏழாவதாக நேரந்தவறாமை என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டோம்.

சில வாரங்கள் கழித்து டாக்டர் போன் செய்தார். முகாமைக் கைவிடவில்லை என்றும், அதை என் கணவரின் நினைவு முகாமாக நடத்தப்போவதாகவும் சொன்னார். மூவரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவருடைய பெரிய படத்தோடு பேனர் வைப்பார்கள். ஞாயிறு கூட்டத்துக்கு நானும் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவரே சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்தவரை வாரா வாரம் தாமதமாகப் போய்த் தடுத்துவைத்த பேச்சுகள், இப்போது அவர் பெயரிலேயே மேடை ஏறப்போகின்றன. அவரைத் தெரியாத பிள்ளைகள் அவரைப் பற்றிய மூன்று மணி நேரத்தைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் வழுக்கையா இல்லையா என்பதுகூட நினைவிருக்காது. எனக்கு அதுமட்டும் நடக்கக் கூடாது என்று இருந்தது. எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

மகள் வெளியூரிலிருந்து போனில் கேட்டாள். "அம்மா, நீ போய் என்ன சொல்லப்போற?"

"தெரியலடி. போய் டீ குடிச்சிட்டு வர்றேன்."

"அழுதுடாதே. அந்த மேனேஜர் மாமா உன்னை விடச் சத்தமா அழுவார்."

ஐந்து மணி என்று சொல்லியிருந்தார்கள். சரியாக ஐந்துக்குக் கிளினிக்கில் இருந்தேன். படி திரும்பும் இடத்தில் நிற்காமல் ஏறினேன். கதவு முழுக்கத் திறந்திருந்தது. மூன்று பேரும் மீன் தொட்டியின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி. டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. மூன்று மணிக்கே வந்துவிட்டார்களாம். என் கணவரின் இடத்துக்கு வர யாருக்கும் தைரியமில்லை. யாரும் கடைசியில் வர விரும்பவில்லை. மூவரும் ஒரே நேரத்தில், ஒரே ஆட்டோவில் வந்து, வாசலில் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு ஒன்றாகவே உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அதனால் யார் தலைமை வகிப்பது என்று தெரியவில்லை. கூட்டத்தை ஆரம்பிக்கவும் முடியாமல், கலைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் உள்ளே போய் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி என்னை.

"அண்ணி," என்றார் வக்கீல். என்னைவிட எட்டு வயது பெரியவர், என்றாலும் அண்ணிதான். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் கடைசி."

"டேய், வாயை மூடு," என்றார் மேனேஜர். "வந்த இடத்துல அவங்ககிட்ட போய்..."

"விதியைத்தானே சொன்னேன்."

"விதியாம் விதி. கோர்ட்டுல பேசறதை எல்லாம் இங்க வந்து பேசாதே."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கணவர் எனக்கு வழியை விட்டுவிட்டுப் போயிருந்தார், கதவைத் திறந்து வைப்பதுபோல. அதிலே நடந்து போகத்தான் வேண்டியிருந்தது.

"வக்கீல் சொல்றது சரிதானே சார்," என்றேன். "நான்தான் கடைசி. அப்போ இன்னிக்கு நான் சொல்றதுதான் முடிவா?"

மேனேஜர் மெல்லத் தலையசைத்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

முதலில் பேனரைக் காட்டச் சொன்னேன். டாக்டர் விரித்தார். சுவரைவிடப் பெரிதாக இருந்தது. அதில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பள்ளிப் பழைய மாணவர் சந்திப்பில் எடுத்த படமாம். மற்ற படங்களில் எல்லாம் தாமதமாக வந்து ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தாராம். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்றவரை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவதா என்று கேட்டேன். மூவரும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள். அச்சுக்குக் கொடுத்தபோது யாரும் கவனிக்கவில்லை. வக்கீலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. பிறகு டாக்டர். பிறகு நான். மேனேஜர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"பேனர் வேண்டாம்," என்றேன். "பேச்சும் வேண்டாம். அவரைப் பத்தியும் வேண்டாம், தூணைப் பத்தியும் வேண்டாம். கயிறு விளையாட்டு இருக்கட்டும். மிச்சத்தைப் பிள்ளைங்க முடிவு பண்ணட்டும்."

"ஒரே ஒரு தூண்," என்றார் மேனேஜர். "சின்னத் தூண். அஞ்சே நிமிஷம்."

"சார்."

"சரிம்மா."

முகாம்வரை இது மாறாமலிருக்க என்ன செய்வது என்று அடுத்துக் கேட்டேன். வக்கீல் யோசித்துவிட்டு, முகாமுக்கு முன்னால் இனிமேல் கூட்டமே கூட்டாமலிருந்தால் போதும் என்றார். தொழில்முறையில் அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான் என்று டாக்டர் சொன்னார். அப்படியே முடிவாயிற்று.

பிறகு நான் எழுந்து கோப்பைகளைத் தட்டில் வைத்தேன். மூவரும் பதறிக்கொண்டு தடுக்க வந்தார்கள். விதி என்றேன். உள்ளறையில் இடுக்கிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கழுவத் தொடங்கினேன். சற்று நேரத்தில் டாக்டர் வந்து பக்கத்தில் நின்றார். நான்காவது கோப்பையைக் கவிழ்த்தபோதுதான் சொன்னார்.

"அவன் படியில உக்காந்திருந்த நேரத்துல நாங்க மேல அவனைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தோம்."

நான் குழாயை மூடினேன்.

"வக்கீல் அவனை மாதிரியே நடிச்சுக் காட்டினான். லேட்டா வந்துட்டு ஒரு சாக்கு சொல்வானே, அது. நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம். கீழ அவன்..."

"நல்லா நடிச்சாரா?"

அவர் என்னைப் பார்த்தார். "என்ன?"

"வக்கீல். அவரை மாதிரி நல்லா நடிச்சாரா?"

"ரொம்ப நல்லா. அப்படியே அவன்தான்."

"அப்போ எனக்கும் ஒருநாள் நடிச்சுக் காட்டச் சொல்லுங்க," என்றேன். அவர் துண்டை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

முகாம் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் நடந்தது. ஒரு பஸ் நிறையப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், தலைமை ஆசிரியை, இரண்டு ஆசிரியர்கள். அன்று படியில் என் கணவர் கையிலிருந்து எடுத்த இரண்டு கயிற்றுத் துண்டுகளையும் வக்கீல் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் பிள்ளைகளிடம் விளையாட்டைச் சொல்லி, மேனேஜரையும் வக்கீலையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். சோப்பு போட்டாலும் கழலாதபடி நன்றாகக் கட்டச் சொன்னேன். இவர்களை நீங்கள்தான் பிரித்துவிட வேண்டும், எனக்கு விடை தெரியாது என்றேன். அது உண்மை. தெரிந்த ஒருவர் மறந்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் பத்து நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவன் மேனேஜரைக் குனியச் சொன்னான், ஒருத்தி நிமிரச் சொன்னாள். வக்கீல் கீழ்நீதிமன்றம் மேல்நீதிமன்றம் என்று முறையிட்டுப் பார்த்தார். தன்னைச் சுற்றி இவ்வளவு பேர் நிற்பதைக் கண்ட மேனேஜருக்கு ஆசை விடவில்லை. "தலைமையின் முதல் தூண் என்னன்னா..." என்று தொடங்கினார். "சார், இடது கையைத் தூக்குங்க," என்றாள் ஒரு பெண். தூக்கினார். "முதல் தூண்..." "சார், இப்போ சுத்துங்க." சுற்றினார். அப்படியே அரை மணி சுற்றியும் அவரால் முதல் தூணைத் தாண்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் முகம் மாறியது. வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். "இப்பவா?" என்றார் வக்கீல்.

"இப்பவேதான்டா."

இருவரும் நண்டு நடையாகக் கழிவறையை நோக்கி நகர்ந்தார்கள். பிள்ளைகள் கூட்டம் யோசனை சொல்லிக்கொண்டே பின்னால் போனது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்து, "இழுக்காதே, இழுக்காதேன்னு சொல்றேன்ல," என்றும் "நீ திரும்பாம நில்லு முதல்ல," என்றும் குரல்கள் வந்தன. வெளியே தலைமை ஆசிரியை ஏரியின் அழகைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு கதவு திறந்தது. மேனேஜர் தனியாக வந்தார். அவர் பின்னால் வக்கீல் தனியாக வந்தார். இருவர் மணிக்கட்டிலும் முடிச்சு போட்டது போட்டபடி, கயிறு முழுசாக இருந்தது.

எப்படி, எப்படி என்று ஒரே கூச்சல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியாது. நான் அவசரத்துல இருந்தேன்," என்றார் மேனேஜர்.

"நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்," என்றார் வக்கீல். "இது சாட்சியே இல்லாத கேஸ்."

பிள்ளைகள் விடவில்லை. இருவரையும் மறுபடி கட்டி உள்ளே அனுப்பினார்கள். இந்த முறை ஒன்றும் நடக்கவில்லை. அவசரம் இல்லாததுதான் காரணம் என்று கருதி, மேனேஜருக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் யாரும் போகவில்லை. விடுதியில் கிடைத்த கயிறுகளால் தங்களுக்குள்ளேயே இரண்டிரண்டு பேராகக் கட்டிக்கொண்டு, ஒரு பேண்ட்டைக் கழற்றுவதற்குக் கை எந்தெந்தப் பக்கம் போக வேண்டும் என்று நடித்துப் பார்த்தார்கள். அந்தக் கையசைவைப் பின்தொடர்ந்துதான் கடைசியில் கண்டுபிடித்தார்கள். தன் கயிற்றின் நடுப்பகுதியை மடித்து, எதிராளியின் மணிக்கட்டு வளையத்துக்குள் நுழைத்து, அவர் கைக்கு மேலாக எடுத்துவிட்டால் போதும். முடிச்சு அப்படியே இருக்கும், ஆட்கள் பிரிந்துவிடுவார்கள். சுலபம்தான்.

கண்டுபிடித்த கூட்டத்தில், வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னிடம் வந்து செய்து காட்டினாள். கண்ணாடி அவர் கடையில் வாங்கியது என்று ஃப்ரேமைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. அம்மா ஒண்ணு சொன்னாங்க, நான் ஒண்ணு சொன்னேன். கடை பூட்டுற நேரம். அந்த அங்கிள் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டே இருந்தார். எங்கேயோ மீட்டிங்னு சொன்னார். போகவே இல்ல."

"எத்தனை நேரம் ஆச்சு?"

"ரொம்ப நேரம். கடைசியில நான் சொன்னதுதான் வாங்கினோம்," என்றாள். அவரைப் பற்றி வேறொன்றும் கேட்காமல் ஓடிவிட்டாள். சேற்றில் ஒரு படகைத் தள்ளுவதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை டாக்டர் வக்கீலைத் தள்ளிக்கொண்டுவந்து விடுதிக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். வக்கீல் மாட்டேன் என்றார், என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் உள்ளே வரவேயில்லை. பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. தலையை மட்டும் முதலில் நீட்டி, சுற்றிலும் பார்த்து, எல்லோரும் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டு, "அட, நீங்கள்லாம் சீக்கிரம் வந்துட்டீங்களா?" என்றார். அந்த 'அட' அப்படியே இருந்தது. கண்ணாடியைத் துடைக்கும் விரல்கள்கூட அப்படியே இருந்தன. யார் என்று தெரியாமலேயே பிள்ளைகள் சிரித்தார்கள். மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் சிரித்தேன். எங்கள் வீட்டுப் படியிறங்கி அவர் போன பிறகு, அவர் பேச்சைக் கேட்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

கயிற்றுத் துண்டுகளைப் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு முகாமுக்கு வேண்டும் என்றார்கள். குழு இன்னமும் ஞாயிறுகளில் கூடுகிறது. நானும் போகிறேன். வழியில் கடையை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே இப்போது மகள் வேலைக்கு வைத்த ஒருவர் இருக்கிறார், வாடிக்கையாளர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கோப்பைகள் பெரும்பாலும் என் தலையில்தான் விழுகின்றன. தூண்கள் இன்னும் எழும்பவில்லை.

போன மாதம் மகள் வந்திருந்தபோது புதுக் கொடிக்கயிறு ஒன்று வாங்கிவந்தாள். அது அலமாரியில் சுற்றியபடி இருக்கிறது. பால்கனியில் கொடி பழையதுதான். சுவர்ப் பக்கம் பெல்ட் அவர் கோத்த கொக்கியிலேயே தொங்குகிறது, பக்கிள் கடைசிக்கு முந்திய ஓட்டையில் மாட்டியிருக்கிறது. வெயிலில் தோல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஈரப் போர்வை போட்டாலும் தாங்குகிறது.